ஒரு டொலர் ஆக்கவுரிமை



அறிவைப் பொதுச் சொத்தெனப் போற்றும் சர்வகலாசாலைகள் தம் ஆராய்ச்சிக்கு ஆக்கவுரிமை தேடுவதேன்? பணம் வேண்டித்தான் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். கனடாவின் ரொறன்ரோவைப் பார்ப்போம். 1921இல் அங்கே இன்சுலின் பிறந்தது. 1922 ஜனவரியில் அது முதன்முதல் ஏற்றப்பெற்றவன் 14 வயதுச் சிறுவன். மரணத்தின் வாயிலில் நின்ற அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருந்துக்கு உரிமை கோருவது வைத்தியனின் சத்தியத்துக்கு மாறெனப் பாண்டிங் முதலில் விலகி நின்றார். ஆயினும் வாளாவிருந்தால் வேறொருவன் உரிமை பெற்று நோயாளரை வாசலில் நிறுத்திவிடுவானே! 1923இல் பாண்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் தலைக்கு ஒரு டொலர் பெற்று அமெரிக்க உரிமையைச் சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்தனர். பூட்டியது கொள்ளைக்காக அன்று, பிறர் பூட்டாதிருக்கவே.

எனினும் இடர் தீர்ந்ததா? பேரளவில் மருந்து செய்யும் ஆற்றல் சர்வகலாசாலைக்கு இல்லை. எலி லிலி கம்பனியின் துணையை நாட வேண்டியிருந்தது. கம்பனியின் இரசாயன அறிஞர் சுத்திகரிக்கும் புதுமுறை ஒன்றைக் கண்டார். உடனே கம்பனி அதற்குத் தானே உரிமை கேட்டது. ‘ஐலெற்றின்’ எனத் தனிப்பெயரும் சூட்டியது! சென்லூயிஸ் நகர ஆராய்ச்சியாளரும் அம்முறையைத் தனித்துக் கண்டிருந்தமை ரொறன்ரோவின் கையைப் பலப்படுத்திற்று. இன்றேல், தான் கண்ட மருந்தை அப்புதுமுறையிற் செய்வதற்கே அச்சர்வகலாசாலை கம்பனியிடம் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்திருக்கும்.