ஓடாத பேக்கப்பை யார் கவனிப்பது?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்க அலுவலகக் கணினியின் பேக்கப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் காக்கா சொன்னார்கள். நம் பராமரிப்புக் கணக்கு, தண்ணீர் லாரி பில், லிஃப்ட் ஒப்பந்தம், வீட்டுப் பத்திர நகல்கள் எல்லாம் அந்த ஒரு கணினியில்தான் இருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும் என்பதை அந்த மழைக்குப் பிறகு நமக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு நகலாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த கேள்விதான் இன்றைய பேச்சு: தினமும் இரவு பேக்கப் ஆகிறது என்கிறோமே, கடைசியாக எந்தத் தேதியில் முழுதாக முடிந்தது?

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. மென்பொருள் எழுதுவோர் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கிட்லேப் என்ற தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அந்த இடம் காலி! பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும், முறையான கையொப்பம் இல்லையென்று அஞ்சல் சர்வர் ஏற்க மறுத்துவிட்டது. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்து வைத்த நகல் ஒன்று கையில் இருந்ததால், அந்த ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது.

தகவல் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடற்கரையில் நிற்பவர் கரை சேர்ந்த படகுகளை மட்டுமா எண்ணுகிறார்? வராத படகைத்தானே தேடுகிறார்.

பேக்கப் மென்பொருள்களில் ஜாப் மானிட்டர் என்று ஒரு திரை இருக்கும். எல்லா வேலைகளும் ஒரே நீளப் பட்டியலாக வரும். பச்சையும் சிவப்பும் கலந்து கண் சலித்துவிடும். அதை நான்கு பார்வைகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கடந்த 24 மணி நேரத்தில் தோற்றவை.

இரண்டாவது, எச்சரிக்கையோடு முடிந்தவை. கணக்கு மென்பொருளைத் திறந்தபடியே விட்டுப் போனால் அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நகலாகலாம். நமக்கு வேண்டியதோ அந்தக் கோப்புதான்.

மூன்றாவது, வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடிக்கொண்டே இருப்பவை.

நான்காவதுதான் முக்கியம்: ஓட வேண்டிய நாளில் ஓடாதவை. ஓடாத வேலை தோற்றவை பட்டியலில் வராது. கடைசியாக வெற்றி பெற்ற தேதியை வைத்து, பழையது மேலே வரும்படி வரிசைப்படுத்தினால் அது தானே தெரியும்.

தோல்வி தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். சேர்த்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல வேலைகள் தோற்றிருந்தால் கரண்டோ இணைப்போ போயிருக்கும். ஒரே டிஸ்க்குக்குப் போகும் வேலைகள் எல்லாம் தோற்றால் டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது கழன்றிருக்கும். ஒரு கணினியின் வேலைகள் மட்டும் தோற்றால் அதில் யாராவது கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று கேளுங்கள். எதுவானாலும் முதலில் தோற்றதைத் திறந்து அதன் பிழைச் செய்தியைப் படியுங்கள். பின்னால் வந்தவை பெரும்பாலும் அதன் விளைவுதான்.

நம் அலுவலகத்தில் அவ்வளவு பெரிய மென்பொருள் கிடையாது. விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலர் போதும். அதில் ஒவ்வொரு வேலைக்கும் கடைசியாக ஓடிய நேரமும் முடிவும் தனித்தனிப் பத்தியில் இருக்கும். மூன்று இடங்களைச் சரிபாருங்கள். வரலாறு பதியும் வசதி பொதுவாக அணைந்தே இருக்கும், அதை இயக்குங்கள். குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், பிறகு இயங்கியதும் ஓடச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். மடிக்கணினி என்றால், மின் இணைப்பில் இருக்கும்போது மட்டும் ஓடு என்ற கட்டம் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். கரண்ட் போன இரவில் வேலை தொடங்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்கள் போனில் பத்திரம் என்று நினைக்கிறோம். கூகுளின் இலவச இடம் 15 ஜிபி. அது நிரம்பினால் புதுப் படங்கள் மேலே ஏறுவது நின்றுவிடும். இன்று வீட்டுக்குப் போனதும் உம்மா, லாத்தா போன்களில் கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று பாருங்கள்.

நிர்வாகக் குழுவுக்கு இரண்டு கோரிக்கைகள். வாரம் ஒருவர் என்று முறை வைத்து, கடைசியாக வெற்றி பெற்ற தேதியை அலுவலக நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ரசீதை பேக்கப்பிலிருந்து மீட்டு, திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

உதவி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் போனோடு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.