மாணவர் மேடையில் இரு மொழிகள்



கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசற் காட்டில் ஐப்பசி மாதத்து முதல் மழை விழுந்ததும் ஊரெல்லாம் அதே பேச்சாக இருக்கும். ஆனால், அந்தப் பேச்சு ஒரே மொழியில் இராது. ஒரு தெருவில் 'மழை' என்பார்கள். அடுத்த தெருவில் 'வான' என்பார்கள். பருத்தியும் கம்பும் உளுந்தும் அடுத்தடுத்த புஞ்சைகளில் விளைவது போல, இங்கே தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் நாயக்கர் காலந்தொட்டு வழங்கி வருகின்றன. இத்தகைய ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர் நாடக மேடையில் இரு மொழிகள் கூடி நின்ற வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த வரலாற்றின் கடைசி ஓரத்தில் என் பிழை ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

மேடையில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் ஒலிப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி, 'பஞ்ச பாஷா விலாச நாடகம்' என்று ஐந்து மொழிகளில் ஒரு நாடகமே இயற்றினார். அவர் 1684 முதல் 1712 வரை ஆண்டவர். அதே தஞ்சைச் சீமையில் மெலட்டூர் என்னும் சிற்றூரில், வேங்கடராம சாஸ்திரியார் இயற்றிய தெலுங்கு பாகவத மேளா நாடகங்கள் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி இன்றும் நடைபெறுகின்றன. சுற்றிலும் தமிழ் பேசும் மக்கள், மேடையில் தெலுங்கு. பார்ப்பவர்கள் பிரகலாதனுக்காக இரங்குவதற்கு மொழி ஒரு நாளும் தடையாக நின்றதில்லை.

மாணவர் நாடகம் என்ற வகையில் 1891-ஆம் ஆண்டை நாம் மறத்தல் ஆகாது. அவ்வாண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு என்ற வழக்கறிஞர் தம் சரஸ வினோதினி சபையுடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். தெலுங்கு நாடக உலகம் 'ஆந்திர நாடக பிதாமகர்' என்று போற்றும் பெரியார் அவர். பார்க்கச் சென்றவர்களுள் பதினெட்டு வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர் அவர். கற்றவர்கள் கூடி இத்தனை செம்மையாக நடிப்பதைக் கண்டதும், 'நம் மொழியிலும் இதைச் செய்தால் என்ன?' என்ற எண்ணம் அவர் நெஞ்சில் எழுந்தது. அவரே பிற்காலத்தில் தமிழ் நாடகத் தந்தை என்று புகழப்பெற்ற பம்மல் சம்பந்த முதலியார். நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு அவர் தொடங்கியதுதான் சுகுண விலாச சபை.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தற்காலத் தமிழ் நாடகத்திற்கு விளக்கேற்றிய தீக்குச்சி, தெலுங்கு மேடையிலிருந்து வந்தது! அந்த நன்றியைச் சபை மறக்கவில்லை. தமிழோடு தெலுங்கு நாடகங்களும் அங்கே நடந்தன. ஆங்கில நாடகங்களும் இடம் பெற்றன. முதலியார் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கினார். 'மாக்பெத்' 'மகபதி' ஆயிற்று. வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். பின்னாளில் அரசியலில் புகழ் பெற்ற சத்தியமூர்த்தி அந்த மேடையில் நடித்தவர். நடிப்பு, படித்தவர்க்கு இழுக்கு என்றிருந்த காலத்தில் அவர்கள் இதைச் செய்தார்கள்.

சென்னையில் இது நடக்க, நம் தென்பாண்டிச் சீமை வேறொரு பள்ளியைத் தந்தது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். அவ்வை சண்முகம் முதலிய டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றது அங்கேதான். பாலர் சபை என்பது வெறும் நாடகக் கொட்டகை அன்று. பிள்ளைகள் அங்கேயே உண்டு, உறங்கி, பாட்டும் வசனமும் நடிப்பும் கற்றார்கள். கற்பித்தவருக்குப் பெயரே 'வாத்தியார்'. அக்காலத் தமிழ் நாடக மேடை தெலுங்குப் பாட்டையும் விலக்கவில்லை. செங்கோட்டைக் கிட்டப்பா தியாகராசர் கீர்த்தனையைப் பாடினால், பொருள் அறியாதவரும் மெய்ம்மறந்து கேட்டனர். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' கூடத் தமிழும் தெலுங்கும் கலந்து பேசியதுதான்.

இவ்வளவும் நான் ஏட்டில் படித்தவை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்' என்ற விதியையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவன் நான். ஆனால், பிள்ளைக்குத் தெரிந்தவற்றுள் முதலாவது அவன் தாய் பேசும் மொழி என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பள்ளி ஆண்டு விழாவுக்கென்று ஒரு நாடகம் எழுதினேன். இறையனார் களவியல் உரை சொல்லும் பன்னீராண்டுப் பஞ்சமே அதன் கதை. அரசவைக்கு ஓடி வரும் தூதனாக ஒரு சிறுவனை நிறுத்தினேன். அவன் வீட்டில் தெலுங்கு. வகுப்பில் பெரும்பாலும் மௌனம். 'மன்னர் மன்னவா! மாரி பொய்த்தது, மண்ணகம் வறண்டது!' என்று அவன் முழங்க வேண்டும். ஒரு மாதம் பழக்கினேன். விழா நாளன்று மேடைக்கு வந்தான், விளக்கொளியைக் கண்டான், வசனம் மறந்தது. ஒரு கணம் திகைத்து நின்றவன், கைகளை விரித்து, 'வான லேது, தொரா!' என்றான். மழை இல்லை, துரையே என்று பொருள்.

சில பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. அந்த ஆண்டும் மழை பொய்த்திருந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் நின்ற நான் அதையும் பார்த்தேன். பார்த்தும் என் நாடகம் கெட்டுவிட்டது என்ற கோபமே மேலோங்கியது. 'தமிழ் வாராதவனுக்கு மேடை எதற்கு?' என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி அவனைக் கடிந்துகொண்டேன். சில நாளில் அவன் பள்ளிக்கு வருவது நின்றது. தீப்பெட்டி ஆலைக்குப் போய்விட்டான் என்றார்கள். வறுமை அதற்குப் பெருங்காரணம் என்பதை அறிவேன். என் சொல்லும் ஒரு காரணம் என்பதையும் அறிவேன். பின்னர் அவனை நான் காணவில்லை.

பல ஆண்டு கழிந்து, தலைமையாசிரியனான பிறகு, அந்தப் பழைய நாடகத்தை மறுபடி எடுத்தேன். இம்முறை அரசன் தமிழ் பேசினான். புலவர்கள் தமிழ் பேசினார்கள். குடிகளுள் பாதிப் பேர் தெலுங்கு பேசினார்கள். இடையில் நின்று இருதரப்புக்கும் பொருள் சொல்லும் பாத்திரத்தை ஒரு சிறுமிக்குக் கொடுத்தேன். ஒத்திகையில் ஒரு புதுமை கண்டேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் தெலுங்கு வசனத்தின் உச்சரிப்பைக் கேட்டு, வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகளிடம் போய் நின்றார்கள். கற்பிக்கும் பெருமை கிடைத்ததும், அந்தப் பிள்ளைகள் தமிழ் வசனத்தையும் அஞ்சாமல் கேட்டுப் பழகினார்கள். தூதன் சொல்லும் சொல்லை நான் மாற்றவில்லை. 'வான லேது, தொரா' என்பதே நின்றது. நான் எழுதிய அலங்கார வசனத்தைவிட அதுவே சிறந்தது என்பதை உணர எனக்கு அத்தனை காலம் ஆயிற்று.

'இவ்வாறு செய்தால் தமிழ் கெடாதா?' என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலுக்கு அவர்களை அழைத்துச் செல்வேன். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் அது. இருவர் வீட்டு மொழியும் தெலுங்கு. இருவரும் எழுதியது தமிழ். இருவருக்கும் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அழகிரிசாமி கம்பனையே நாயகனாக்கி 'கவிச்சக்கரவர்த்தி' என்ற நாடகம் எழுதினார். கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்தவர் கி.ரா. வீட்டு மொழி தெலுங்காக இருந்தது அவர்கள் தமிழுக்கு எந்தக் குறையையும் செய்யவில்லை.

பள்ளிகளில் விழா நடத்தும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வசனம் மறந்த பிள்ளை தன் வீட்டு மொழியில் ஒரு சொல் சொன்னால் திரையை இறக்கிவிடாதீர்கள். முன் வரிசையில் இருப்பவர்களின் முகத்தை ஒரு முறை பாருங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.