பிறர் காணியில் ஓர் இரவு



சித்திரை மாதம் பிறந்துவிட்டால் கொழும்பிலே வாழும் நமக்கு ஒரு தவிப்பு உண்டாகின்றது. வெள்ளவத்தையிலே கடற்காற்று வியர்வையைக் கூட்டுகின்றதேயன்றிக் குறைப்பதில்லை. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலோ இரவு பத்து மணிக்கும் சுவர்கள் சுடுகின்றன. அவ்வேளையில் நம் மனம் நாடுவது நுவரெலியாவை. ஆனால் அந்தப் பருவத்தில் அங்கே அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும்.

ஆகவேதான் அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழக்கம் பரவி வருகின்றது. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்திய வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டோ, காரின் மேலே ஒரு கூடாரத்தைக் கட்டிக்கொண்டோ குடும்பத்தோடு புறப்பட்டு, நகருக்கு வெளியே யாரேனும் ஒருவருடைய தோட்டத்திலோ காணியிலோ இராத் தங்கும் வழக்கமே அது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

நுவரெலியாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவது இன்று தோன்றிய ஆசையன்று. 1848ஆம் ஆண்டிலே சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அங்கே ஒரு குடியேற்றத்தை அமைக்க விரும்பி, இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் குதிரை வண்டியொன்றையும் கப்பலிலே கொண்டுவந்தார். மலை ஏறும் வழியிலே அந்த வண்டி குதிரைகளோடு பள்ளத்தில் உருண்டது. ஓட்டிவந்தவனோ உயிர் தப்பினான். இந்நிகழ்ச்சியைப் பேக்கரே தமது நூலில் நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கின்றார்.

இன்று வீதிகள் செப்பமாக இருக்கின்றன. பள்ளங்களோ அன்று போலவே இருக்கின்றன. அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாகச் சென்றாலும், கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகச் சென்றாலும், வளைவுகளுக்குக் குறைவில்லை. பாரமான வண்டியை இறக்கத்தில் செலுத்தும்போது, பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டிருத்தல் ஆகாது. அவ்வாறு மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும். மாலையில் மூடுபனி இறங்குமுன்னரே தங்குமிடத்தை அடைந்துவிடுதலும் வேண்டும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறரைப் பாகை அளவு குறையும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி, கொழும்பைவிட அங்கே பன்னிரண்டு பாகை குறைவாக இருக்கும். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளிலே புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. குளிர்ந்த காற்று பாரமானது. நீரைப்போலத் தாழ்ந்த இடத்தை நாடி ஓடும். ஆகையால் குழிவான இடத்திலே வண்டியை நிறுத்துபவர் இரவு முழுவதும் நடுங்க நேரிடும். சற்று மேடான சமதரையே நன்று.

சமையல் செய்யும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. அந்த உயரத்திலே தண்ணீர் நூறு பாகையில் அன்றி, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே சோறு வேக அதிக நேரம் ஆகும். பருப்போ பொறுமையைச் சோதிக்கும். குளிருக்கு அஞ்சி, மூடிய வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்குதல் மட்டும் ஒருகாலும் கூடாது. அதிலிருந்து எழும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே அது உயிரைக் கொண்டுபோய்விடும்.

இவையெல்லாம் எளிதில் கற்றுக்கொள்ளக்கூடியவை. யாருடைய நிலத்திலே வண்டியை நிறுத்துகின்றோம், யாரிடம் அனுமதி கேட்கின்றோம் என்பதே கடினமான கேள்வி.

மலைநாட்டு நிலத்தின் வரலாறு சிக்கல் நிறைந்தது. காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலங்களெல்லாம் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டின் சட்டம் கூறிற்று. அவ்வாறு பெற்ற நிலங்கள் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. அங்கே முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தினால் பெருந்தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. 1992ஆம் ஆண்டிலே அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இவற்றுக்கிடையே தனியார் காணிகளும், மரக்கறித் தோட்டங்களும், காட்டு இலாகாவின் நிலங்களும் கலந்து கிடக்கின்றன. 1988ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளியிலே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிக் கூடாரம் அடித்தல் குற்றமாகும்.

ஆகவே, “வெறும் புல்வெளிதானே, யார் கேட்கப்போகிறார்கள்?” என்று நாம் எண்ணிவிடுதல் தவறு. கேட்பாரில்லாத நிலம் மலைநாட்டிலே இல்லை. தோட்டமாயின் அதன் முகாமையாளரிடமும், தனியார் காணியாயின் உறுதிக்குரியவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுதல் வேண்டும். எத்தனை பேர், எத்தனை இரவு, எங்கே தீ மூட்டலாம், எங்கே குப்பை போடலாம் என்பவற்றையும் அப்பொழுதே பேசிக்கொள்ளல் நன்று.

அதனோடு நம் கடமை முடிந்ததா? முடிந்தது என்றுதான் நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் குடும்பத்தோடு அப்பகுதித் தோட்டமொன்றிலே ஓரிரவு தங்கினேன். முறையாக அனுமதி பெற்றிருந்தேன். கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. காலையிலே, அருகே ஓடிய சிற்றோடையில் இரவு உண்ட பாத்திரங்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். கொழுந்துக் கூடையோடு அவ்வழியே வந்த ஓர் அம்மையார் சற்று நின்று பார்த்தார். பிறகு மிகுந்த பணிவோடு, “ஐயா, இது எங்க லயத்துக்கு வர்ற பீலித் தண்ணிங்க. கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்க் கழுவிக்கிட்டா நல்லதுங்க” என்று சொன்னார்.

கீழே பார்த்தேன். முந்திய நாள் மாலை மூடுபனியிலே என் கண்ணுக்குப் படாத லயம் ஒன்று சரிவிலே தெரிந்தது. பீலியடியிலே குடங்கள் வரிசையாக இருந்தன. ஒரு சிறுமி பாடசாலைக்குப் போகுமுன் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் சவர்க்கார நுரை அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நேயர்களே, என் சட்டைப் பையில் இருந்த கடிதம் அப்பொழுது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. நிலத்துக்கு உரியவரிடம் கேட்டேன். நிலத்திலே வாழ்பவரிடம் கேட்கவில்லை. அந்த அம்மையாரின் முன்னோர் காட்டை வெட்டி, தேயிலையை நட்டு, அந்த மண்ணிலேயே மடிந்தவர்கள். இருநூறு ஆண்டு வரலாறு அவர்களுடையது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று; எஞ்சியிருந்தோரின் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. வாக்குரிமை மீண்ட பின்னரும், தாம் குடியிருக்கும் அறைக்கும் அதன் முன்னுள்ள பூந்தோட்டத்துக்கும் ஓர் உறுதி இல்லாமலே அவர்களிற் பலர் வாழ்கின்றனர். ஒரு கடிதத்தைக் காட்டி ஓரிரவு தங்குவதற்கு எனக்குக் கிடைத்த உரிமையை, நான்கு தலைமுறையாக அங்கே வாழும் குடும்பத்துக்குக் கிடைக்காத உரிமையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

சுவீடன் தேசத்திலே, பிறர் நிலத்திலும் யாவரும் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம் என்னும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டில் அது அந்நாட்டு அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. ஆனால் அவ்வுரிமைக்கு எல்லையுமுண்டு. எதையும் குலைக்கலாகாது, எவரையும் இடையூறு செய்யலாகாது, குடியிருப்புக்கு அருகே தங்கலாகாது என்பர். விருந்தினர் எவரும் எந்நாட்டிலும் மேற்கொள்ளத்தக்க நெறி இது.

ஆகவே மலைக்குச் செல்லும் நாம் சிலவற்றை உறுதியாகக் கடைப்பிடிப்போமாக. தங்குமிடத்தை அடைந்தவுடன், கீழே குடியிருப்போர் யார், அவர்களுடைய குடிநீர் எவ்வழி வருகின்றது என்று அங்குள்ளோரிடம் கேட்டறிவோம். ஓடையிலிருந்து குறைந்தது அறுபது மீற்றருக்கு அப்பாலேயே கழுவலும் கழித்தலும் நடைபெறட்டும். வண்டியின் கழிவுத் தாங்கியை எக்காரணங்கொண்டும் வாய்க்காலில் திறந்துவிடலாகாது. கொண்டுபோன பிளாத்திக்குப் பைகள் நம்மோடே கொழும்புக்குத் திரும்பட்டும். இரவிலே பாட்டுப் பெட்டியை அடக்கி வைப்போம். விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டியவர்கள் அருகே உறங்குகின்றனர். கொழுந்து பறிப்பவரைக் கேளாமல் படம் பிடித்தலும் வேண்டாம்.

மழைக் காலமாயின் பயணத்தையே ஒத்திவைத்தல் நன்று. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்துவிடலாகாது. 2025ஆம் ஆண்டு நவம்பரிலே வீசிய தித்வா புயலின்போதும் மலைநாடெங்கும் மண் சரிந்து பல உயிர்கள் மாண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே புறப்படுங்கள். நாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். அங்கே வாழ்பவர்கள் திரும்பிப் போவதற்கு வேறு இடமில்லை.

இறுதியாக ஒன்று. நுவரெலியாவுக்குப் போகும் வழியிலே ஹட்டனை அடுத்த மலைகளில் ஊறும் நீர், கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்று இறங்கிக் களனி கங்கையாகின்றது. அதே கங்கையின் நீரைத்தான் அம்பத்தளையிலே சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகின்றனர். மலையிலே ஒருவர் கலக்கிய நீர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் குழாய்க்குத்தான் வந்து சேரும். இடையிலே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருப்பது நம் நல்வினை. பீலியடியில் நின்ற அந்தச் சிறுமிக்கு அதுவுமில்லை.

அடுத்த முறை அத்தோட்டத்துக்குப் போனபோது, வண்டியை நிறுத்துமுன் நான் முதலிலே லயத்துக்குத்தான் நடந்து போனேன். எங்கே தங்கலாம் என்று கேட்டேன். இடத்தையும் காட்டி, குடிக்கத் தேநீரும் தந்தார்கள். அந்த இரவு நான் அமைதியாக உறங்கினேன்.