போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் கார்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்ஜினீயரிங் பற்றி ஏதாவது பேசுங்க சார்" என்றார் செயலாளர். நான் ஒரு காரைப் பற்றிப் பேசுகிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென் என்று வெளியிட்டாலும், 1961-ல் வந்த ஹெரால்டுதான் நம்ம பக்கத்து ஜனங்கள் மனசில் நின்ற வண்டி. டாக்டர், வக்கீல் வீட்டு வாசல்களில் அதுதான் நிற்கும்.

என் அப்பாவுக்கு மஞ்சக்குப்பத்தில் சின்ன மோட்டார் ஷெட். நான் திருப்பாதிரிப்புலியூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, அண்ணாமலை நகருக்கு வந்து படித்தவன். பீஸ் கட்டியது அந்த ஷெட்தான்.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். "உலகமே மோனோகாக் பாடிக்குப் போயிடுச்சு. இது 1959-ல இங்கிலாந்துல வந்த டிசைன், அப்பவும் தனி சேஸிஸ் வெச்சிருக்கான். பின்தங்கின வண்டிப்பா" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. புதுச்சத்திரம் பக்கம் மாட்டு வண்டியில் மோதிய ஒரு ஹெரால்டு அன்றைக்கு ஷெட்டில் நின்றது. அதில் பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். கீல் போல்ட்டைக் கழற்றினார், இரண்டு பையன்கள் தூக்கி ஓரமாக வைத்தார்கள். "பாத்தியாடா?" என்றார். அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரிய வந்தது வேலைக்குப் போன பிறகு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புது மாடலுக்கு அங்கிருந்து பாடி வராது என்று ஆனது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க வேறு ஆள் சரியாக அமையவில்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இறுக்குவது என்று முடிவு செய்தார்கள். உருவம் வரைந்தது இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. என்ஜின் 948 சி.சி., ஸ்டாண்டர்டு டென்னில் இருந்த அதே ஜாதி. சேஸிஸ் அமைப்பால் முன் சக்கரம் நன்றாக ஒடியும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சிதம்பரம் சன்னதித் தெருவில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்!

துண்டாக வரும் வண்டி என்பதால் வெளிநாடுகளில் பூட்டுவதும் சுலபம். வண்டலூருக்கு அது பொருந்தியது அப்படித்தான். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு. இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிற்பாடு இங்கேயே நாலு கதவு வைத்தும் வந்தது. 1972-ல் அதன் வாரிசாக கெஸல்.

இதைப் படித்த அன்று அப்பாவுக்கு லெட்டர் எழுத உட்கார்ந்தேன். "நான் சொன்னது தப்பு" என்று ஒரு வரி எழுதினால் போதும். வெட்கமாக இருந்தது, ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். பொங்கலுக்குப் போவதற்குள் அவர் போய்விட்டார்.

ஷெட்டில் ஒரு ஹெரால்டு பானெட் சுவரில் சாய்ந்து நின்றது. யாருடையது என்று கேட்க ஆள் இல்லை. அது இன்னும் என் வீட்டில் இருக்கிறது. கடலூர் பக்கம் வரும் மாணவர்கள் யாரும் வந்து பார்க்கலாம்.