ஒளி வரும் திசை



மட்டக்களப்பு வாவியை அண்டிய அமிர்தகழியிலே 1939-இல் பிறந்தவர் பாலு மகேந்திரா. பாடசாலைச் சுற்றுலா ஒன்றின்போது, டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ படத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டவர், சினிமாவே தம் வழியென்று கொண்டார். 1969-இல் பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றார். கன்னடக் ‘கோகிலா’வும் (1977) தமிழில் ‘மூன்றாம் பிறை’யும் (1982) அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதுகளைத் தந்தன.

விருதுகள் கிடக்கட்டும், தொழிலைப் பார்ப்போம். நள்ளிரவுக் காட்சியிலும் முகம் பளபளக்க நாற்புறமும் விளக்கேற்றுவது அக்காலத்து ஸ்டூடியோ வழக்கம். இவரோ, யன்னல் இருக்கும் பக்கத்திலிருந்தே வெளிச்சம் வரவேண்டும் என்றிருந்தார். அதனால் முகத்திற் பாதி இருளில் கிடந்தாலும் அவருக்குக் குறையில்லை. ‘முள்ளும் மலரும்’ (1978), ‘வீடு’ (1988) ஆகியவற்றை மீண்டும் பார்ப்போர் இதனை உணர்வர்.

எழுத்துக்கும் இதுவே பொருந்தும். காரணமில்லாத அடைமொழியும் அந்த ஸ்டூடியோ விளக்கைப் போன்றதே. போரையும் கடற்கோளையும் எழுத வரும் நம் இளையோர், துயரத்தின்மேல் வேறு விளக்குப் பிடிக்க வேண்டியதில்லை. பட்டதை, பட்ட இடத்து வெளிச்சத்திலேயே காட்டினாற் போதும். 2014-இல் மறைந்த அக்கலைஞரிடம் நாம் கற்கவேண்டியது இதுவே.