இழைப்புளி வாங்கப் போன கதை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஹட்டன் சனிக்கிழமைக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் பேச வந்தது இழைப்புளியைப் பற்றி. சிரிக்கிறீர்கள், நாங்களும் முதலில் சிரித்தோம்.

எங்கள் வீடுகளில் அது இழைப்புளி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பித்த டீச்சர்மார் சீவுளி என்பார்கள். சிங்கள பாஸ்மார் யத்த என்பார்கள். மூன்று பெயர் தெரிந்திருந்தும் எங்களில் ஒருத்தி கூட அதைத் தொட்டதில்லை. அந்தக் காலத்தில் மரவேலை பையன்களுக்கு. எங்களுக்குத் தையலும் மனையியலும். லயத்தில் டீப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கொப்பி வைத்துப் படித்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றால் இந்த மண்டபத்தில் பாதிக் கை உயரும். பெட்டியின் தகர விளிம்பு கிழித்த தழும்பும் சிலரிடம் இருக்கும்.

ஓய்வுபெற்ற பின் நாங்கள் நால்வர், மூன்று டீச்சர்மாரும் ஒரு மருத்துவமாதுவும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கும் மேசை செய்து கொடுப்போம் என்று இறங்கினோம். மரம் கிடைத்தது: தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு. தமிழ்நாட்டார் சவுக்கு என்பது வேறு மரம்; நாம் சொல்வது கிரேவிலியா. இழைப்புளிதான் இல்லை. கடைக்குப் போய் பளபளவென்று புதிதாக, விலை மலிவாக ஒன்று வாங்கி வந்தோம். அது பலகையில் கிறீச்சிட்டுக் குதித்தது. பலகை கொத்துக்கொத்தாகப் பிய்ந்தது. உள்ளங்கையில் கொப்புளம். "பேசாம தையலுக்கே போவோம் அக்கா" என்றாள் எங்களில் இளையவள்.

தொழிற்சாலைத் தச்சுக் கொட்டகையில் காலமெல்லாம் வேலை செய்த தாத்தா ஒருவரைக் கூட்டி வந்தோம். தகட்டைக் கழற்றி நகத்தில் வைத்துப் பார்த்தார். "டீச்சர், இது தீட்டவே இல்லையே. கடையில இப்பிடித்தான் குடுப்பான். நாமதான் தீட்டிக்கணும்" என்றார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் பலகையையே தொடவிடவில்லை.

தடித்த கண்ணாடித் துண்டின்மேல் ஈரத்தில் ஊறாத கறுப்புச் சேன்ட்பேப்பரை ஒட்டி, முதலில் தகட்டின் பின்புறத்தை, முனையையொட்டிய பகுதி கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்க்க வேண்டும். எல்லாரும் தவறவிடும் வேலை இதுதான். பிறகு சரிவுப் பக்கம், சுமார் 30 பாகையில். பின்புறத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டால் போதும், திருப்பி அதை எடுத்துவிடலாம். கை மயிரை மழித்தால் கூர் வந்துவிட்டது.

அடுத்தது மேல்தகடு. அது ஏன் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. சீவல் எழும்பும்போது அதை உடனே மடக்கி ஒடிப்பதுதான் அதன் வேலை. இல்லாவிட்டால் சீவல் முன்னால் ஓடி நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். சாதாரண வேலைக்குக் கூர்முனையிலிருந்து 1 மில்லிமீற்றர் தள்ளி இருக்கலாம். சவுக்குக்கு அது போதாது. அதில் வெள்ளிப் பொட்டுப்பொட்டாக மின்னுகிறதே, அந்த இடங்கள்தான் பிய்வது. அரை மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்து, நார் சாயும் பக்கம் பார்த்துத் தள்ளியதும் பட்டுத்துணி போலச் சீவல் வந்தது. அன்று நாங்கள் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

எதை வாங்குவது? அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி உருவாக்கிய இரும்பு இழைப்புளியை 1869இல் ஸ்டான்லி கம்பனி வாங்கிக்கொண்டது; இன்றைக்கும் பெரும்பாலானவை அந்த அமைப்பில்தான் வருகின்றன. அதில் 4ஆம் இலக்கம் குட்டை. பலகையின் மேடு பள்ளத்தில் தானும் ஏறி இறங்கும். 7ஆம் இலக்கம் 22 அங்குலம், எங்கள் கைக்குப் பாரம். 14 அங்குலமுள்ள 5ஆம் இலக்கம் ஒன்று இருந்தால் மேசை முழுவதையும் முடிக்கலாம். தாத்தா தன்னுடைய மர இழைப்புளியை விட்டுக்கொடுக்கமாட்டார். ஆனால் அதைச் சுத்தியலால் தட்டித்தட்டிச் சரிசெய்ய வேண்டும். ஹட்டன் மழைக்கு மரம் ஊதி ஆப்பு இறுகிவிடும். புதிதாகப் பழகுபவருக்கு இரும்புதான் நல்லது என்பது எங்கள் முடிவு. துருவுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஜப்பானியத் தச்சர்கள் பூசுவது கமேலியா எண்ணெய். நம் தேயிலையின் சொந்தக்காரச் செடி அது!

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். நூற்றாண்டு நினைவாக நம் பெண்பிள்ளைகளுக்கு மரவேலை அறை அமைக்கத் தீர்மானித்திருக்கிறோம். மலிவான புது இழைப்புளி 12 வாங்குவதாகப் பட்டியலில் இருக்கிறது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் முதல் நாளே எங்களைப் போல் கொப்புளத்தோடு போய்விடுவார்கள், "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இது சரிவராது" என்ற பேச்சும் வந்துவிடும். நல்ல பழையது நான்கும் தீட்டுக்கற்களும் போதும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களே, அங்கே பழைய பொருள் சந்தைகளில் ஸ்டான்லியும் ஷெஃபீல்டில் செய்த ரெக்கோர்டும் கிடைக்கும். மேல்துரு பரவாயில்லை. தகடு வெளிவரும் வாயைச் சுற்றி வெடிப்பு இருக்கக்கூடாது. திருகுகள் எல்லாம் இருக்க வேண்டும். தகடு தேய்ந்து குட்டையாகியிருக்கக்கூடாது. ஒன்று இரண்டு கிலோ சொச்சம்தான். பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள்.

எங்கள் முதல் மேசை மண்டப வாசலில் இருக்கிறது. மேற்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிறகு குனிந்து அடிப்பக்கத்தையும் தடவுங்கள். கொத்துக்கொத்தாகப் பிய்ந்திருக்கும். அந்த முதல் நாள் பலகைதான் அது. எறிய மனமில்லாமல் திருப்பிப் போட்டுவிட்டோம்.