குடத்தில் விழுவதும் குடத்துக்கு வெளியே நிற்பதும்

(திருப்புலிவனத்தில் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அதிகாரமும் செல்வாக்கும் ஒன்றுதானே, ஐயா?" என்று மேடைக்கு வரும் வழியில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி! அதற்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அண்டையிலே உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர் இருக்கிறது. அது பேசட்டும், நாம் கேட்போம்.

பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அந்த ஊர்ச் சபையார் விதி வகுத்தனர். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை விட்டு ஓலையை எடுக்கச் செய்தனர். ஏன் சிறுவன்? செல்வாக்குள்ளவர் எவர் என்பது அவனுக்குத் தெரியாது! பதவிக் காலம் ஓராண்டே. பதவி வகித்தவர் மூன்றாண்டு கழித்தே மீண்டும் வரலாம். கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது. அவர் மட்டுமா? தந்தை, மகன், மாமனார், மருமகன், மைத்துனன் ஆகியோர் பெயரும் விழாது.

உறவினர் செய்த குற்றம் என்ன? குற்றமில்லை, தோழர்களே, எச்சரிக்கை! பதவி போனபின்னும் செல்வாக்கு மைத்துனன் வடிவில் திரும்பி வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதிகாரத்துக்குக் காலம் உண்டு, எல்லை உண்டு, கணக்கு உண்டு. செல்வாக்குக்கு இவை எதுவும் இல்லை. இதுவே வேறுபாடு.

ஆனால் அந்தக் குடத்தைப் போற்றுவதோடு நில்லாதீர்! நிலமும் மறைக்கல்வியும் உடையோர்க்கே அதில் ஓலை. உழுதவனுக்கு ஓலை இல்லை. பெண்ணுக்கு ஓலை இல்லை. பிறப்பின் செல்வாக்கு, குடத்தின் வாயிலேயே காவல் நின்றது!

அக்காவல் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அகன்றதா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. சட்டம் அதிகாரத்தைத் தந்தது. சாதிச் செல்வாக்கு அதைத் தடுத்தது. தேர்தல் நடவாமலும், வென்றவர் உடனே விலகியும் பத்தாண்டு கழிந்தது. 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. இன்றும் சில ஊர்களில் பெயர்ப்பலகையில் மனைவி, நாற்காலியில் கணவர் என்ற காட்சியைக் காண்கிறோம். அதிகாரம் அவருடையது, ஆள்வது இவர்!

அப்படியானால் செல்வாக்கே தீதா? இல்லை! 1963இல் காமராசர் முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அதன் பின்னர், 1964இலும் 1966இலும் இந்தியாவின் பிரதமர் யார் என்பதை முடிவு செய்வதில் அவர் சொல்லே முன்னின்றது. பதவி சிறிதானது, சொல் பெரிதானது. அது தொண்டு தந்த செல்வாக்கு.

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து வீதிக்கு வந்த மாணவரை எண்ணுங்கள். அன்று வாக்குரிமை வயது 21. அவருள் பலருக்கு ஒரு வாக்குக்கூட இல்லை! ஆயினும் டெல்லி அவர்கள் குரலைக் கேட்டது. அவர்களின் தலைவர்களுள் ஒருவரான சீனிவாசன், 1967இல் விருதுநகரில் காமராசரையே 1,285 வாக்குகளில் வென்றார். பெருந்தலைவரின் செல்வாக்கும் மக்கள் மன்றத்தில் கணக்குத் தர வேண்டியிருந்தது. அதுதான் மக்களாட்சி!

ஆகவே தோழர்களே, அதிகாரத்தைக் கண்டால், "உன் கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். செல்வாக்கைக் கண்டால், "நீ எங்கிருந்து வந்தாய்? தொண்டிலிருந்தா, பிறப்பிலிருந்தா, பணத்திலிருந்தா, அச்சத்திலிருந்தா?" என்று கேளுங்கள். பதினெட்டு நிரம்பியதும் கிராம சபைக்குச் செல்லுங்கள். வரவு செலவு படிக்கப்படும்போது எழுந்து நில்லுங்கள். ஓலை குடத்தில் விழும்வரை காத்திருக்க வேண்டாம். கேள்வி கேட்கப் பதவி வேண்டியதில்லை!